சாட்டி வெயிலில் பிட்காயின் விளையுமா?

2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சூரிய மின்தகடு பொருத்தியிருந்தவர்களிடம் இலங்கை மின்சார சபை ஒரு வேண்டுகோளை வைத்தது: பகல் வேளையில் உங்கள் தொகுதிகளை நிறுத்தி வையுங்கள். தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பூட்டிக் கிடந்தன; வெயிலோ வழக்கம்போலக் காய்ந்தது. தேவைக்கு மேல் மின்சாரம் வந்து சேர்ந்தால் தேசிய மின்வலையமைப்பு நிலை தடுமாறும் என்பதுதான் காரணம். மூன்றே ஆண்டுகளுக்கு முன், 2022 மார்ச் இறுதியில், இதே நாட்டில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு இருந்தது. இருட்டில் இருந்த நாடு மின்சாரம் மிஞ்சுகிறது என்று சொல்லும் நிலைக்கு வந்ததும் பலருக்கு ஒரே யோசனை தோன்றியது. வீணாகப் போகிற அந்த நண்பகல் மின்சாரத்தில் ஒரு கிரிப்டோ மைனிங் இயந்திரத்தை ஓடவிட்டால் என்ன? கூரையில் தகடு வைத்திருக்கும் கடைக்காரருக்கும், ஐஸ் தொழில் செய்பவருக்கும், கணினியில் கைதேர்ந்த இளைஞருக்கும் இது கைக்கெட்டும் தொழிலாகத் தெரிகிறது. இணையத்தில் இதைப் பற்றிப் பேசும் காணொளிகளுக்கும் குறைவில்லை. யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தின் வெயிலுக்கு மைனிங் நல்ல வாங்குநர் அல்ல என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கான காரணம் அரசியலிலோ ஒழுக்கத்திலோ இல்லை. அந்த இயந்திரம் செய்யும் வேலையின் தன்மையிலேயே இருக்கிறது.

தீவகத்தில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. வேலணை, அதன் கரையோரக் கிராமமான சாட்டி, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகியவை தரைவழியாக யாழ்ப்பாணத்தோடு இணைந்தவை. தேசிய மின்வலையமைப்பு அங்கே போகிறது. படகேறிப் போக வேண்டிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் அந்தக் கம்பி எட்டவில்லை. அவற்றின் மின்சாரம் டீசல் மின்பிறப்பாக்கிகளிலிருந்து வந்தது. இதை மாற்றுவதற்கான கலப்பு மின்திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு, இந்தியாவின் ஆட்சேபத்துக்குப் பின் கைமாறியது. 2022 மார்ச்சில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. 2024 மார்ச் 1 ஆம் திகதி பெங்களூரு நிறுவனமான யூ சோலாருடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்திய அரசின் நன்கொடை 1 கோடியே 10 லட்சம் டொலர். மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 530 கிலோவாற் காற்று, 1,700 கிலோவாற் சூரியன், 2,400 கிலோவாற் மணி பற்றரி, பின்துணைக்கு 2,500 கிலோவாற் டீசல் என்பது அதன் வடிவமைப்பு. எழுவைதீவில் இதைவிடச் சிறிய கலப்புத் தொகுதி ஒன்று முன்னரே அமைக்கப்பட்டது. இத்தகைய சிறு வலையமைப்பில் பற்றரி நிரம்பிய பிறகும் வெயில் தொடர்ந்தால் மிச்ச மின்சாரத்துக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆகவே, அதை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்ற தேடல் நியாயமானதே.

மைனிங் இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது என்பதை நெருங்கிப் பார்த்தால்தான் மேலே போக முடியும். உலகில் நடந்த பிட்காயின் பரிமாற்றங்களைத் தொகுத்து ஒரு கட்டு ஆக்குவார்கள். அந்தக் கட்டின் தலைப்பகுதி 80 பைற் நீளமுள்ள ஒரு சிறு தரவு. அதை எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணித அரைவைக்குள் இருமுறை செலுத்தினால் 256 இரும இலக்கம் கொண்ட ஓர் எண் வெளியே வரும். அந்த எண், பிட்காயின் வலையமைப்பு நிர்ணயித்த எல்லைக்குக் கீழே இருந்தால் வெற்றி. இல்லையென்றால் தலைப்பகுதியில் ஓர் இலக்கத்தை மாற்றி மறுபடி அரைக்க வேண்டும். விடையை முன்கூட்டி ஊகிக்க வழியே கிடையாது. நேற்று முழுவதும் முயன்றவருக்கு இன்று ஒரு சலுகையும் இல்லை. ஒவ்வொரு முயற்சியும் புதிதாக வாங்கிய லொத்தர் சீட்டு. இயந்திரத்தின் திறமை என்பது ஒரு வினாடிக்கு எத்தனை சீட்டுக் கிழிக்கிறது என்பதும், ஒவ்வொரு சீட்டுக்கும் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதும் மட்டுமே.

இதற்கு மேலாக ஒரு விதி இருக்கிறது. எளிய கணக்குகளையெல்லாம் கவிழ்ப்பது அதுதான். ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு கட்டு என்ற வேகம் மாறாதிருக்க, 2,016 கட்டுகளுக்கு ஒருமுறை, அதாவது சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெற்றி எல்லை தானாகவே திருத்தப்படும். உலகில் இயந்திரங்கள் இருமடங்கானால் வெற்றி இருமடங்கு கடினமாகும். 2024 ஏப்ரலில் கட்டொன்றை வென்றவருக்கான வெகுமதி பாதியாகி 3.125 பிட்காயினாகக் குறைந்தபின், உலகம் முழுவதும் எத்தனை இயந்திரம் ஓடினாலும் ஒரு நாளில் புதிதாகப் பிறப்பது சுமார் 450 பிட்காயின்தான். ஒருவர் கூடுதலாக உழைப்பதால் மொத்த விளைச்சல் கூடுவதில்லை; மற்றவர்களின் பங்கு அவர் கைக்கு வருகிறது, அவ்வளவே. நெடுந்தீவில் ஓடும் இயந்திரம் டெக்சாஸிலும் கசகஸ்தானிலும் ஓடும் இயந்திரங்களோடு அதே பங்குக்காகப் போட்டி போடுகிறது. உள்ளூர்ச் சந்தை, உள்ளூர் வாடிக்கையாளர், உள்ளூர்க் கைத்திறன் எதுவும் இங்கே உதவிக்கு வராது. மின்சாரம் எவருக்கு மலிவோ, அதுவும் எவருக்கு இரவு பகலாகக் கிடைக்கிறதோ, அவருக்கே இலாபம்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். பிட்மெயின் நிறுவனத்தின் ஆன்ட்மைனர் எஸ்21 வினாடிக்கு 200 டெராஹாஷ், அதாவது 200 லட்சம் கோடி அரைவை, என்ற வேகத்தில் ஓடும். 3,500 வாற் இழுக்கும். 2025 இல் உலக வலையமைப்பின் மொத்த வேகம் 100 கோடி டெராஹாஷ் அளவுக்கு ஏறியது. ஆகவே இந்த ஓர் இயந்திரத்தின் பங்கு 50 லட்சத்தில் ஒன்று. நாளுக்கு 450 பிட்காயினில் அந்தப் பங்கு 0.00009 பிட்காயின். ஒரு பிட்காயின் ஒரு லட்சம் டொலர், ஒரு டொலர் 300 ரூபா என்று முழு எண்களாக வைத்துக்கொண்டால், நாள் வருமானம் 9 டொலர், அதாவது 2,700 ரூபா. இதற்குச் செலவாகும் மின்சாரம் நாளுக்கு 84 அலகு. ஓர் அலகு மின்சாரம் சுமார் 32 ரூபாவாக மாறுகிறது என்று அர்த்தம். மாதத்துக்கு 2,500 அலகுக்கு மேல் போவதால், 180 அலகைத் தாண்டியபின் வரும் உச்சக் கட்டணமே வீட்டுப் பட்டியலில் ஏறக்குறைய முழுத் தொகைக்கும் விழும். அந்தக் கட்டணம் 32 ரூபாவைவிடக் கணிசமாகக் கூட. மின்சார சபையிடம் வாங்கிய மின்சாரத்தில் வீட்டில் மைனிங் செய்பவர் ஒவ்வோர் அலகிலும் நட்டப்படுகிறார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

"வாங்கிய மின்சாரம் வேண்டாம், என் கூரை மின்சாரம் இருக்கிறதே" என்பது உடனே எழும் மறுப்பு. இது வலுவான மறுப்பு; பலர் இதோடு கணக்கை முடித்தும்விடுகிறார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தின் நல்ல வெயிலிலும் ஒரு கிலோவாற் தகடு ஒரு நாளில் தருவது சுமார் 4 முதல் 4.5 அலகு. தாராளமாக 5 என்றே வைப்போம். 3.5 கிலோவாற் இயந்திரத்துக்கு அந்தக் கணக்கில் நாளுக்கு 17.5 அலகு கிடைக்கும். அதை மைனிங் 560 ரூபாவாக மாற்றும். அதே 17.5 அலகை மின்சார சபைக்கு விற்றால்? 2016 இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமயத் திட்டத்தில் முதல் ஏழு ஆண்டுக்கு அலகொன்றுக்கு 22 ரூபா தரப்பட்டது. அதன்படி 385 ரூபா. மைனிங்கால் கூடுதலாகக் கிடைப்பது நாளுக்கு 175 ரூபா. இயந்திரத்தின் விலை 3,000 டொலர், அதாவது 9 லட்சம் ரூபா என்று கொண்டால், வரியும் ஏற்றுகூலியும் சேர்க்காமலே, அந்த 9 லட்சம் திரும்பி வர 14 ஆண்டு வேண்டும். 2028 இல் வெகுமதி மறுபடி பாதியாகும். 2032 இல் இன்னொரு பாதி. அதற்குள் இதைவிடத் திறமையான இயந்திரங்கள் வந்து இதன் பங்கையும் சுருக்கியிருக்கும்.

இலவச மின்சாரம் இருந்தால் போதும் என்ற எண்ணம் தவறுவது இந்த இடத்தில்தான். மைனிங் இயந்திரம் மின்சாரத்தோடு காலத்தையும் தின்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதன் பெறுமதி தேய்கிறது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் தேய்கிறது. 24 மணி நேரமும் ஓடினால்தான் அந்தத் தேய்வை முந்த முடியும். சூரியன் தருவதோ ஐந்து மணி நேர முழுவெயிலுக்கு ஈடான மின்சாரம். மீதி 19 மணி நேரம் 9 லட்சம் ரூபா சும்மா கிடந்து வயதாகிறது. பற்றரி வைத்து இரவிலும் ஓட்டலாம் என்றால், பற்றரியின் விலை இயந்திரத்தின் விலையோடு சேர்ந்துவிடும். மிச்ச மின்சாரத்துக்கு வழி தேடிப் புறப்பட்டவர், மிச்சமில்லாத, விலைகொடுத்துச் சேமித்த மின்சாரத்தை எரிக்கிற இடத்தில் வந்து நிற்பார்.

பழைய இயந்திரத்தை மலிவாக வாங்கினால் தேய்வுச் சிக்கல் தீருமே என்று கேட்பவர்களும் உண்டு. 2016 இல் வந்த ஆன்ட்மைனர் எஸ்9 இன்று பழைய இரும்பு விலைக்குக் கிடைக்கிறது. அதன் வேகம் 13.5 டெராஹாஷ், இழுவை சுமார் 1,320 வாற். ஒரே அளவு வேலைக்கு எஸ்21 ஐப்போல ஐந்து மடங்குக்கு மேல் மின்சாரம் தின்கிறது. மேலே சொன்ன அதே விலைகளில் இது ஓர் அலகை மாற்றித் தருவது 6 ரூபாவுக்கும் குறைவு. மின்சார சபைக்கு விற்றால் அதன் மூன்று மடங்குக்கு மேல் கிடைக்கும். சபை வாங்க மறுக்கும் நாட்களில் மட்டும் 6 ரூபா பூச்சியத்தைவிட மேல். ஆண்டில் அப்படிப்பட்ட சில நாட்களுக்காக ஓர் இயந்திரத்தையும் குளிரூட்டலையும் உப்புக்காற்றிலிருந்து அதைக் காக்கும் அறையையும் வைத்திருப்பது தொழில் ஆகாது. உப்புக்காற்றைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். இந்த இயந்திரங்கள் பெருவேகத்தில் வெளிக்காற்றை உள்ளிழுத்துச் செப்புத் தடங்களின் மேல் ஊதுபவை. சாட்டிக் கரையில் அந்தக் காற்றில் உப்பும் நுண்மணலும் கலந்திருக்கும்.

ஆபிரிக்காவில் இது வெற்றி பெற்றிருக்கிறதே என்ற வாதம் இன்னும் கவனமான பதிலைக் கோருகிறது. கென்யாவைச் சேர்ந்த கிரிட்லெஸ் என்ற நிறுவனம் கிராமப்புறச் சிறு நீர்மின் நிலையங்களின் அருகில் மைனிங் கொள்கலன்களை வைத்திருக்கிறது. மலாவியின் முலாஞ்சே மலையடிவாரத்திலுள்ள பொண்டோ கிராமத்தின் நீர்மின் நிலையமும் அவற்றில் ஒன்று. கிராமம் எடுத்ததுபோக மிஞ்சும் மின்சாரத்தை மைனிங் வாங்குகிறது. அந்த வருமானம் மின்நிலையத்தைத் தாங்குகிறது. பூட்டான் அரசின் முதலீட்டு நிறுவனமும் தன் ஆறுகளின் மின்சாரத்தில் மைனிங் செய்து ஆயிரக்கணக்கான பிட்காயின் சேர்த்தது. இவை வெற்றிகள்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் இரண்டும் நீர்மின். மலையிலிருந்து இறங்கும் ஓடை நள்ளிரவிலும் இறங்குகிறது. ஊர் தூங்கும் எட்டு மணி நேரமும் மிச்சம்தான். மைனிங் இயந்திரத்தின் பசிக்கு ஏற்ற மிச்சம் அது. நெடுந்தீவில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. சுண்ணக்கல் தரையும் சுட்டெரிக்கும் வெயிலும் காற்றும் இருக்கின்றன. டெக்சாஸில் நடப்பது வேறு விதம். அங்கே 2023 ஆகஸ்ட் வெப்ப அலையின்போது ரயட் என்ற மைனிங் நிறுவனம் இயந்திரங்களை நிறுத்தி வைத்ததற்காக மட்டும் 3 கோடியே 17 லட்சம் டொலர் பெறுமதியான மின்சார வரவைப் பெற்றது. மணிக்கு மணி விலை மாறும் பெரிய மின்சந்தை இருந்ததால் அது சாத்தியமானது. மூன்று தீவுகளின் சிறு வலையமைப்பில் அப்படி ஒரு சந்தை இல்லை.

காற்றின் விடயத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் தீவுகளில் காற்று இரவிலும் ஓய்வதில்லை. பற்றரி நிரம்பி, ஊர் உறங்கி, காற்றாலை சுழன்றுகொண்டிருக்கும் இரவுகளில் மிச்சம் நீண்ட நேரம் நிற்கக்கூடும். மைனிங்குக்குத் தீவகத்தில் ஒரு நியாயம் உண்டென்றால் அது அந்த இரவுகளில்தான் இருக்கிறது. ஆயினும் அது பருவ காலத்துக்கு உரியது. வாடை தொடங்கி வானம் மூடினால் அதே வலையமைப்பு டீசலை நாடும். சிறிய மின்பிறப்பாக்கி ஒரு லீற்றர் டீசலில் 3 முதல் 3.5 அலகு தரும். எஸ்21 போன்ற ஓர் இயந்திரத்தை ஒரு நாள் ஓட்ட 24 லீற்றருக்குக் குறையாத டீசல் படகில் வந்து இறங்க வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் என்பதால், தீவில் டீசலால் பிறந்த அலகுக்கும் கொழும்புக்குப் போகும் நீர்மின் அலகுக்கும் பாவனையாளர் செலுத்துவது ஒன்றே. வித்தியாசத்தை மற்றப் பாவனையாளர்கள் சுமக்கிறார்கள். தீவு மக்களின் விளக்குக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அந்தச் சுமையைப் பகிர்வது நீதியானது. தனியொருவரின் மைனிங்குக்காக அதைப் பகிரச் சொல்வது நீதியாகாது. 2021 மே மாதம் மின்வெட்டுக்கு நடுவே ஈரான் நான்கு மாதத்துக்கு மைனிங்கைத் தடைசெய்ய நேர்ந்ததற்கும் மானிய மின்சாரம் ஒரு காரணம். இலங்கையிலும் 2021 ஒக்டோபரில் கிரிப்டோ மைனிங் உள்ளிட்டவற்றை ஆராய ஒரு குழுவை அமைக்க அனுமதி தரப்பட்டது. ஆறு மாதம் ஆகுமுன்பே நாடு இருளில் இருந்தது.

மிச்ச மின்சாரத்துக்குத் தீவில் வேறு வாங்குநர் இல்லையா? இருக்கிறார்கள், நீண்ட காலமாகக் காத்திருக்கிறார்கள். தீவகத்தின் நிலத்தடி நன்னீர், உப்பு நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலம். சாட்டியின் மணற்பரப்பு மழைநீரை வடித்துச் சேர்த்து வைப்பதால் அந்த நன்னீரின் அருமை தீவகம் முழுவதற்கும் தெரியும். அளவுக்கு மேல் இறைத்தால் கீழிருந்து உவர் மேலேறும். கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தி நன்னீராக்கும் முறைக்கு ஆயிரம் லீற்றருக்குப் பெரிய நிலையங்களில் 3 முதல் 4 அலகு தேவை. சிறிய தொகுதிக்கு 5 என்று வைக்கலாம். ஒரு எஸ்21 நாளொன்றில் தின்னும் 84 அலகில் ஏறத்தாழ 17,000 லீற்றர் நன்னீர் கிடைக்கும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 20 லீற்றர் என்றால் 800 பேருக்கு மேல் போதும். அதே 84 அலகில் ஏறத்தாழ ஒரு தொன் ஐஸ் கட்டி உறையும். பிடித்த மீனைக் கெடாமல் குருநகருக்கோ கொழும்புக்கோ அனுப்ப அந்த ஐஸ்தான் வேண்டும். நீரும் ஐஸும் வெயில் நேரத்தில் மட்டும் செய்து வைக்கக்கூடியவை. தொட்டியும் குளிர் அறையும் பற்றரியைவிட மிக மலிவான சேமிப்பு. வலையமைப்பு கேட்கும்போது உடனே நிறுத்தவும் முடியும். மைனிங்கின் தனிச்சிறப்பாகச் சொல்லப்படும் அந்த நெகிழ்வு, ஒரு நீரேற்றும் பம்பிக்கும் உண்டு.

நன்னீர்த் தொகுதியும் 19 மணி நேரம் சும்மாதானே கிடக்கும், அதற்கும் முதல் போட வேண்டுமே என்று திருப்பிக் கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் நன்னீருக்கான தேவை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாவதில்லை. சவ்வை மாற்றினால் பம்பியும் குழாயும் பல ஆண்டு உழைக்கும். டெக்சாஸில் யாரோ கடல்நீரைச் சுத்திகரிப்பதால் நெடுந்தீவின் குடத்தில் நீர் குறைவதில்லை. மைனிங்கின் விளைச்சலோ ஒவ்வொரு வாரமும் உலகத்தோடு பங்கிடப்படுகிறது. சும்மா கிடக்கும் நேரத்தை நன்னீர்த் தொகுதி தாங்கும்; மைனிங் இயந்திரத்தால் தாங்க முடியாது.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இயந்திரத்துக்குள் போகும் 3,500 வாற் முழுவதும் வெப்பமாகவே வெளியேறும். கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் பொழுதுபோக்கு மைனர்கள் இதைக் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கப் பயன்படுத்துகிறார்கள். எப்படியும் மின்சூடாக்கிக்குப் போகும் பணம், கொஞ்சம் பிட்காயினையும் சேர்த்துத் தருகிறது. மின்சூடாக்கி மட்டுமே உள்ள வீட்டில் இது சரியான கணக்கு. வெப்பப் பம்பி இருக்கும் வீட்டில் அதே மின்சாரம் மூன்று மடங்கு வெப்பம் தருமென்பதால் அங்கேயும் கணக்கு மெலிகிறது. ரொறன்ரோவிலிருந்து வரும் உறவினர் தன் அனுபவத்தைச் சொல்லும்போது வேலணையில் கேட்பவர் இந்த வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும். இங்கே அந்த வெப்பத்தை வெளியேற்ற மேலும் மின்சாரம் போகும். கருவாடும் ஒடியலும் காயவைக்கலாமே என்றால், அவற்றை வெயில் ஏற்கெனவே காசு வாங்காமல் காயவைக்கிறது.

மைனிங் வேறு, கிரிப்டோவை அன்றாடம் பயன்படுத்துவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பலர் ஒன்றின் நியாயத்தை மற்றதற்குக் கடன் வாங்குகிறார்கள். கடற்கரைக் கடையில் இளநீருக்குப் பணம் வாங்க லங்காகியூஆர் போதும். 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியப் பயணிகளின் யூபிஐயும் இலங்கையில் ஏற்கப்படுகிறது. உள்ளூர்ச் சில்லறைக்கு கிரிப்டோ சேர்ப்பது எதுவுமில்லை. எல் சல்வதோரின் எல் சொன்தே கடற்கரைக் கிராமத்தில் 2019 முதல் பிட்காயின் புழக்கத்துக்கு வந்தது. 2021 செப்டெம்பரில் நாடே அதைச் சட்டபூர்வப் பணமாக்கியது. அரச கைப்பேசிச் செயலியை இறக்கியவர்களில் பெரும்பாலோர் 30 டொலர் ஊக்கத்தொகையைச் செலவழித்தபின் அதைப் பயன்படுத்தவில்லை என்று அங்கு நடந்த ஆய்வு காட்டியது. 2025 ஜனவரியில், வணிகர்கள் பிட்காயினை ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நீக்கப்பட்டது. எல்லை தாண்டிப் பணம் அனுப்புவது மட்டும் உண்மையான பயன். பாரிஸிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகள் உள்ள தீவகக் குடும்பங்களுக்கு அனுப்புகூலி பெரிய விடயம். உண்டியல் முறை இத்தனை காலம் நிலைத்ததும் அதனால்தான். டொலரோடு கட்டப்பட்ட ரெதர் போன்ற காசுகள் நிமிடங்களில் போய்ச் சேர்கின்றன. 2022 வசந்தத்தில் ரூபா டொலருக்கு 200 இலிருந்து 360 வரை விழுந்தபோது, டொலர்க் காசு வைத்திருந்தவர்களின் சேமிப்புத் தப்பியதும் உண்மை. ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில்தான் டெர்ராயூஎஸ்டி என்ற இன்னொரு டொலர்க் காசு சில நாட்களில் சரிந்து பலரது சேமிப்பை அழித்தது. இந்தக் காசுகள் எவற்றையும் யாரும் மைனிங் செய்து எடுப்பதில்லை. அவற்றின் நியாயம் எவ்வளவு பெரிதானாலும் கூரையில் ஓர் இயந்திரம் வைப்பதற்குக் காரணமாகாது.

சட்டத்தின் நிலையையும் அறிந்துகொள்ள வேண்டும். கிரிப்டோ பரிமாற்றத்துக்கோ மைனிங்குக்கோ எவருக்கும் அனுமதி வழங்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆம் ஆண்டு அறிவித்தல்களில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழான பணிப்புரைப்படி, வங்கி அட்டையால் கிரிப்டோ வாங்க முடியாது. ஏமாற்றப்பட்டவர் முறையிடப் போக வாசல் குறைவு என்பதே இதன் நடைமுறைப் பொருள். இந்த இடைவெளியில்தான் "கிளவுட் மைனிங்" செயலிகள் நுழைகின்றன: பணத்தைக் கட்டுங்கள், எங்கள் இயந்திரம் உங்களுக்காக ஓடும், நாளுக்கு இத்தனை வீதம் நிச்சயம். மேலே விளக்கிய விதியே இதை அம்பலப்படுத்தும். வெற்றி எல்லை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறும். விலை நாள்தோறும் மாறும். மைனிங்கிலிருந்து நிலையான நாள்வீதம் வருவது கணித ரீதியில் நடக்காத காரியம். அப்படித் தருவதாகச் சொல்பவர் முன்னால் சேர்ந்தவருக்குப் பின்னால் சேர்ந்தவரின் பணத்தையே கொடுக்கிறார். ஆள் சேர்த்தால் தரகு என்ற சொல்லும் கூடவே வரும். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு இத்தகைய கூம்புத் திட்டங்களை நடத்துவதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. உறவினரைச் சேர்த்துவிட்டவரும் அதற்குள் அடங்குவார் என்பது பலருக்குத் தெரியாது.

வருமானத்தை எதிர்பாராமல், அறியும் ஆவலில் மைனிங்கைத் தொடுபவரின் கதை வேறு. அவரைத் தடுக்க இந்த வாதங்களில் எதுவும் இல்லை. பிட்டாக்ஸ் என்ற திறந்த வடிவமைப்புக் கருவி உள்ளங்கை அளவானது. அதன் ஒரு வகை சுமார் 17 வாற் மின்சாரத்தில் வினாடிக்கு 1.2 டெராஹாஷ் ஓடும். நாளுக்கு 0.4 அலகு. ஒரு 100 வாற் சூரியத் தகடும் ஒரு சிறிய பற்றரியும் அதற்குப் போதும். தனியாக ஒரு கட்டை வெல்ல அது சராசரியாக ஏறக்குறைய 16,000 ஆண்டு ஓட வேண்டும். கூட்டாகச் சேர்ந்து ஓட்டினால் நாளுக்கு 16 ரூபா அளவில் வரவாகும். ஆனால் ஒரு பாடசாலையின் விஞ்ஞான அறையில் அதை வைத்தால் மாணவர்களுக்குப் பார்க்க நிறைய உண்டு. ஒரே ஓர் எழுத்து மாறினால் ஹாஷ் எண் முழுதாக மாறுவதைத் திரையில் காணலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெற்றி எல்லை நகர்வதை வரைபில் குறிக்கலாம். தகட்டின் மின்னோட்டத்தை மணிக்கு மணி அளந்து, மேகம் கடக்கும்போது அது எவ்வளவு விழுகிறது, பற்றரி எத்தனை மணிக்கு நிரம்புகிறது, அதன்பின் எவ்வளவு மின்சாரம் போக்கிடமின்றிப் போகிறது என்பதை எழுதி வைக்கலாம். சோளகக் காலத்திலும் வாடைக் காலத்திலும் அந்தக் கடைசி எண் எவ்வளவு என்பது, தீவின் மிச்ச மின்சாரத்தில் நீர் இறைப்பதா ஐஸ் உறையவைப்பதா என்று திட்டமிடும் எவருக்கும் உடனே பயன்படும் தரவு.